மாமியார் ஒயர், மச்சான் ஒயர்

ஊருக்கே தண்ணீர் ஏற்றிய மனிதரால் தன் காருக்குள் இரண்டடி உயரத்துக்குப் பெட்ரோல் ஏற்ற முடியவில்லை. பம்ப்காரரின் வாழ்க்கையை ஒரே வரியில் சொல்லச் சொன்னால் அவருடைய மச்சான் இப்படித்தான் சொல்வார். சொல்லிவிட்டுத் தானே முதலில் சிரிப்பார். பம்ப்காரரும் கூடச் சேர்ந்து சிரிப்பார். அன்று மாலை மச்சான் வீட்டுக்குக் கிளம்பும்போது வாசலில் ஒற்றைச் செருப்புதான் இருக்கும்.

பம்ப்காரர் குடிநீர் ஏற்றும் நிலையத்தில் முப்பத்தோரு வருடம் வேலை பார்த்தவர். ஆற்றங்கரையில் நான்கு பம்புகள், எதிரே மேட்டின் உச்சியில் ஒரு பெரிய தொட்டி. ஆற்றை மேட்டில் ஏற்றினால் ஊருக்குக் குழாயில் தண்ணீர் வரும். ஏற்றாவிட்டால் ஊரே அவர் வாசலுக்கு வரும். திருப்புளியின் முனையைப் பம்பிலும் பிடியைத் தன் காதிலும் வைத்துக் கேட்டு, "இதுக்கு இன்னும் ஒரு வாரம்தான்" என்பார். எட்டாம் நாள் அது நின்றுபோகும். ஒருமுறை அதே திருப்புளியை மச்சானின் வயிற்றில் வைத்துக் கேட்டுவிட்டு, "ஏற்கெனவே ஒரு வீட்டுல சாப்பிட்டுட்டுத்தான் வந்திருக்க" என்றார். அதுவும் சரியாகத்தான் இருந்தது.

மூன்றாம் நம்பர் பம்பின் கதை அந்த அலுவலகத்தில் பிரசித்தம். புதிதாக வந்த உதவிப் பொறியாளர் ஒருவர் சுவிட்சைப் போட்டார். மோட்டார் ஓடியது, தண்ணீர் வரவில்லை. பம்ப்காரர் பணிவாகச் சொன்னார்.

"மூணாம் நம்பருக்கு ரோஷம் அதிகம் சார். வணக்கம் சொல்லாம கை வச்சா கோவிச்சுக்கும்."

பொறியாளர் முறைத்தார். மறுபடி போட்டார். வரவில்லை. சுற்றும் முற்றும் பார்த்துவிட்டு, கை கூப்பி வணக்கம் சொல்லிப் போட்டார். வந்தது. அவர் கை கூப்பிய அதே நொடியில் பம்ப்காரரின் வலது கால், பின்னால் தரையோரம் இருந்த சின்ன வால்வைத் திறந்து உள்ளே சிக்கியிருந்த காற்றை வெளியே விட்டதை யாரும் பார்க்கவில்லை. அன்று முதல் அந்தப் பொறியாளர் தினமும் வணக்கம் சொன்னார். பெரிய அதிகாரி ஆன பிறகும் சொன்னார். பம்ப்காரர் ஓய்வு பெறும்போது, சாவிக்கொத்தோடு சேர்த்து இந்த ரகசியத்தையும் அடுத்த ஆளிடம் ஒப்படைத்துவிட்டு வந்தார்.

அப்படிப்பட்டவருக்கு வாய்த்த கார் மட்டும் எந்த வணக்கத்துக்கும் மசியவில்லை.

அது ஒரு பல் மருத்துவர் வீட்டுக் கொட்டகையில் கோழிக்கூண்டாக இருந்தது. இரண்டு கதவு, வெளிர் பச்சை, முன்விளக்கு இரண்டும் பிதுங்கிய கண்கள். இவர் விலை பேசப் போனபோது பின்சீட்டில் ஒரு கோழி அடைகாத்துக்கொண்டிருந்தது. குஞ்சு பொரிக்கும்வரை பொறுத்திருந்து எடுத்து வந்தார். பெயர் வைக்கும் சிரமம் யாருக்கும் இருக்கவில்லை. பார்த்த எல்லோரும் தவளை என்றுதான் சொன்னார்கள். மூன்று வருட ஞாயிற்றுக்கிழமைகளைத் தின்றுவிட்டு அது ஓடத் தொடங்கியது. காலையில் நன்றாக ஓடும். மாலையிலும் ஓடும். மதிய வெயிலில் ஓடி ஓரிடத்தில் நின்றால், நின்றதுதான். எஞ்சின் சூட்டில் பெட்ரோல் குழாய்க்குள்ளேயே ஆவியாகிவிடும். எஞ்சினோடு ஒட்டிக்கொண்டிருக்கும் பழைய பம்ப் அந்த ஆவியை உறிஞ்சி உறிஞ்சி ஏமாறும்.

ஒன்பது வருடத்துக்கு முன் ரயில்வே கேட்டில் அது நடந்தது. பக்கத்தில் மனைவி. தோளில் அன்றைக்குத்தான் முதன்முதலாகப் போட்டிருந்த சால்வை. ரயில் போனது, கேட் திறந்தது, தவளை கிளம்பவில்லை. பின்னால் ஒரு ஊர்வலம் அளவுக்கு வண்டிகள். எல்லாம் ஹாரன் அடித்தன. பம்ப்காரர் நிதானமாக இறங்கினார். மனைவியின் சால்வையை உருவினார். அவள் குடிக்க வைத்திருந்த தண்ணீரில் நனைத்தார். பம்பின் மேல் சுற்றினார். இருபது நிமிடத்தில் கார் கிளம்பிவிட்டது. மனைவிக்கு வாய் திறக்க வீடு வரை ஆனது.

"இனி இதுல ஏறினா என்னை ஏன்னு கேளுங்க. அந்தத் தொட்டி மேட்டுக்கு இதை ஓட்டிட்டுப் போய், உச்சி வெயில்ல பத்து நிமிஷம் நிறுத்தி, ஒரே சாவித் திருப்புல கிளப்பிக் காட்டுங்க. அப்புறம் பேசலாம்."

"கிளப்பிட்டா?"

"முதல்ல கிளப்புங்க."

அதிலிருந்து அவர் என்னென்னவோ செய்து பார்த்தார். குழாய்க்குத் துணி சுற்றினார். தகடு வைத்து மறைத்தார். மரத்தாலான துணி கிளிப்பை வரிசையாகப் பெட்ரோல் குழாயில் மாட்டினால் சூடு இறங்கும் என்று யாரோ சொல்ல, கொடியிலிருந்து தினம் ஒரு கிளிப் காணாமல் போயிற்று. மாடியில் காயப்போட்டவை ஒவ்வொன்றாக எதிர்வீட்டுக்காரர் வாசலில் போய் விழுந்தன. பதினோராவது கிளிப் போன அன்று மனைவி கார் கொட்டகையைப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டாள். ஒரு வாரம் கழித்துத்தான் கிடைத்தது.

மகளுக்கு வழி தெரியும். அவள் படித்ததே அந்த வேலைதான். ஒரு தொழிற்சாலையில் கண்ட்ரோல் பேனல்களைப் பார்த்துக்கொள்கிற பொறியாளர்.

"கரண்ட் பம்ப் ஒண்ணு வாங்கிப் பின்னாடி டேங்க் பக்கத்துல மாட்டுங்கப்பா. பம்புக்குத் தள்ளத்தான் தெரியும், இழுக்கத் தெரியாதுன்னு நீங்களே சொல்வீங்களே."

"அது தண்ணிக்குச் சொன்னது."

"பெட்ரோலுக்கு?"

"பெட்ரோலுக்குச் சொந்த புத்தி உண்டும்மா. தவிர, முப்பத்தோரு வருஷம் கரண்ட் பம்போட மாரடிச்சாச்சு. வீட்டுல ஒண்ணாவது கரண்ட் இல்லாம இருக்கட்டும்."

அப்பாவுக்கும் மகளுக்கும் தீராத வழக்கு இன்னொன்றும் இருந்தது. ஒரு விடுமுறையில் வந்தவள், காருக்குள் இருந்த இருபத்து நான்கு ஒயருக்கும் அச்சடித்த எண் குழல் மாட்டி, ஒரு பட்டியலும் எழுதி ஒட்டிவிட்டுப் போனாள். அடுத்த முறை வந்தபோது எண்கள் ஒன்றுகூட இல்லை. ஒவ்வொரு ஒயரிலும் வெள்ளை டேப் சுற்றி, பேனாவால் ஏதோ எழுதியிருந்தது.

"என்னப்பா இது?"

"பதினேழாம் நம்பர்னா எவனுக்கு என்ன தெரியும்? உறவுமுறையைப் போட்டா மறக்கவே மறக்காது."

அவள் கோபத்தில் படிக்காமலே கார் கதவை அறைந்து மூடினாள்.

இரண்டு மாதத்துக்கு முன் ஒரு செவ்வாய்க்கிழமை, மதியச் சாப்பாட்டுக்குக் கை கழுவப் போனவர் திரும்பி வரவில்லை. இதயம். மனைவி போய்ப் பார்த்தபோது குழாய் திறந்தபடியே இருந்தது. தண்ணீர் நல்ல வேகத்தில் வந்துகொண்டிருந்தது.

மறுநாள் துக்கம் விசாரிக்க வந்த கூட்டத்தில் அந்தப் பெரிய அதிகாரி மகளைத் தனியாகக் கூப்பிட்டார். கண்ணெல்லாம் சிவந்திருந்தது.

"கேக்கக் கூடாதுதான். இந்த மூணாம் நம்பர் இன்னும் வணக்கம் சொன்னாத்தான் கிளம்புதும்மா. அப்பா உங்ககிட்ட வேற ஏதாவது வழி சொல்லியிருக்காரா?"

"இல்ல சார். வணக்கமே சொல்லிட்டு இருங்க."

அவள் கைக்குட்டையால் முகத்தை மூடிக்கொண்டாள். தோள் குலுங்கியது. பாவம், அப்பா மேல் உயிராக இருந்த பெண் என்று பக்கத்தில் இருந்தவர்கள் பேசிக்கொண்டார்கள். அதுவும் உண்மைதான்.

நான்காம் நாள் பம்ப்காரர் பெயருக்கு ஒரு பெட்டி வந்தது. உள்ளே உள்ளங்கை அளவில் ஓர் உலோக உருளை, இரண்டு பக்கமும் மூக்கு. மச்சான் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, இதயத்துக்கு வைக்கிற பம்ப், ஒரு வாரம் முன்னால் வந்திருந்தால் மனிதர் பிழைத்திருப்பார் என்று சொல்லி அழுதார். நான்கு பேர் கூட அழுதார்கள். அது பெட்ரோல் பம்ப் என்று மகள் சொல்லவில்லை. அழுகிற இடத்தில் போய் எதற்குத் தகராறு. அவளுக்கு வேறொன்று புரிந்தது. அப்பா தோற்றுப்போய்விட்டார். அவளுக்குத் தெரியாமல் கரண்ட் பம்ப் வாங்கி, தெரியாமல் மாட்டி, மேட்டில் காரைக் கிளப்பிவிட்டு, வணக்கம் சொன்னேன் கிளம்பிடுச்சு என்று அவளிடம் சொல்வதாக இருந்திருக்கிறார்.

அதன் பிறகு அம்மா அவரைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. கொட்டகைப் பக்கம் போகவும் இல்லை. இந்த வாரம் மாமா, அதாவது அப்பாவின் அந்த மச்சான், ஒரு யோசனையோடு வந்தார். அவருடைய சிநேகிதர் புது ஓட்டல் திறக்கிறார். வாசலில் அழகுக்கு நிறுத்த ஒரு பழைய கார் வேண்டும். எஞ்சினை எடுத்துவிட்டு அந்த இடத்தில் பூந்தொட்டி வைப்பார்கள். ஞாயிற்றுக்கிழமை காலை இழுவை வண்டி வரும். அம்மா சரி என்றுவிட்டாள்.

செய்தி கேட்டு மகள் வியாழக்கிழமை விடுப்புப் போட்டுவிட்டு வந்தாள்.

"பூந்தொட்டியாம்மா?"

"பாக்க நல்லாத்தானே இருக்கும்."

"ஓடுற கார்ம்மா அது."

"எங்க ஓடுச்சு? நான் சொன்னது சொன்னதுதான். மேட்டுல, உச்சி வெயில்ல, ஒரே திருப்பு. சனிக்கிழமைக்குள்ள காட்டு, இங்கயே நிக்கட்டும். இல்லன்னா ஞாயித்துக்கிழமை உன் மாமா வண்டி வரும்."

அம்மாவின் கணக்கு அதுதான். அப்பாவுக்குப் போட்ட நிபந்தனையில் ஒரு எழுத்துக்கூடக் குறையவில்லை.

வெள்ளிக்கிழமை முழுக்க மகள் கொட்டகையில் இருந்தாள். பழைய பம்பைக் கழற்றி, அது இருந்த ஓட்டையைத் தகடும் கேஸ்கெட்டும் வைத்து மூடினாள். டிக்கியைத் திறந்தால், டேங்குக்குப் பக்கத்தில், அதன் அடிமட்டத்துக்கும் தாழ்வாக, சாக்பீஸால் ஒரு வட்டம் போட்டிருந்தது. அவளே தேர்ந்திருக்கக்கூடிய இடம். வட்டத்துக்கு நடுவே அப்பா ஒரு பிராக்கெட்டும் செய்து மாட்டி வைத்திருந்தார். நான்கு போல்ட்டிலும் தடிமனான ரப்பர் வாஷர். பம்பின் சத்தம் உள்ளே உட்கார்ந்திருப்பவர் காதில் விழக்கூடாது என்று. உள்ளே யாரை உட்கார வைக்க நினைத்திருந்தார் என்று யோசிக்க வேண்டியதில்லை.

பம்பை மாட்டினாள். ரப்பர் குழாய், வடிகட்டி, கிளிப்புகள். இந்த முறை இரும்பு கிளிப்புகள். பிறகு டாஷ்போர்டுக்கு அடியில் தலையை விட்டு, முதல் தடவையாக அந்த வெள்ளை டேப்புகளைப் படித்தாள்.

மாமியார். மாப்பிள்ளை. எதிர்வீட்டுக்காரர். மச்சான்.

மல்லாந்து படுத்தபடி சிறிது நேரம் சிரித்தாள். சிரிப்பு காதோரம் வழிந்தது. துடைத்துக்கொண்டு மல்டிமீட்டரை எடுத்தாள். கருப்பு முனையைக் கார் உடம்பில் கவ்வ வைத்து, சிவப்பால் ஒவ்வொன்றாகத் தொட்டாள். மாமியார், எப்போதும் பன்னிரண்டு வோல்ட். மாப்பிள்ளை, சாவி போட்டால் மட்டும். போதும். மாமியாரிடமிருந்து ஃபியூஸ் வழியாகக் கரண்ட் எடுத்தாள். அந்தக் கரண்டைப் பம்புக்குத் திறந்துவிடும் ரிலே சுவிட்சைத் தட்டியெழுப்பும் வேலையை மாப்பிள்ளைக்குக் கொடுத்தாள். மற்ற இருவரையும் தொந்தரவு செய்யவில்லை.

டிக்கியில் தனியாக ஒரு கருப்பு ஒயர் கிடந்தது. முனையில் ஒரு வளையம். மறுமுனை பின்சீட்டுக்கு அடியில் போய் மறைந்தது. டேப்பில் 'வீட்டுக்காரி' என்று எழுதியிருந்தது. டிக்கி இருட்டாக இருக்கிறது என்று அம்மா ஒருமுறை குறை சொன்னது நினைவுக்கு வந்தது. விளக்குப் போட நினைத்திருப்பார். எல்லா எழுத்தையும்விட அந்த எழுத்து கொஞ்சம் பெரிதாக, நிறுத்தி எழுதியதாக இருந்தது. அதில் பெட்ரோல் பட்டால் மை கலைந்துவிடும். ஒயரைச் சுருட்டி, பிளாஸ்டிக் உறையில் போட்டு, ஓரமாகக் கட்டி வைத்தாள்.

சனிக்கிழமை காலை பத்து மணிக்குச் சாவியைத் திருப்பினாள். ரிலே சொடுக்கியது. பம்ப் வாய் திறக்கவில்லை.

மீட்டரை வைத்தாள். பம்பின் ஒயரில் பன்னிரண்டு வோல்ட் இருந்தது. ரிலேயை மாற்றினாள். பன்னிரண்டு இருந்தது, பம்ப் ஓடவில்லை. பம்பைக் கழற்றி மேஜையில் வைத்து நேராக பேட்டரியில் கொடுத்தாள். டக்டக்கென்று துள்ளியது. திரும்ப மாட்டினாள். ஊமை. மறுபடி கழற்றினாள், துள்ளியது. மறுபடி மாட்டினாள், ஊமை. கொட்டகைக்குள் வேறு யாரும் இல்லை என்று உறுதி செய்துகொண்டு, கை கூப்பி, மெதுவாக வணக்கம் சொன்னாள். அதற்கும் ஊமை.

பதினொன்றரைக்கு மாமா வந்தார். கையில் அளவு நாடா. இழுவை வண்டிக்காரர் நீளம் கேட்டிருந்தாராம்.

"என்ன பொறியாளரம்மா, தவளை கத்துதா?"

"கத்தும் மாமா. அவசரப்படாதீங்க."

"எனக்கென்ன அவசரம். நாளைக்குக் காலையிலதானே." குனிந்து டாஷ்போர்டுக்கு அடியில் பார்த்தவர் அப்படியே நின்றார். "இது என்ன, மாமியார்னு எழுதியிருக்கு?"

"அப்பா எழுதினது."

"அக்கா," என்று வீட்டைப் பார்த்துக் குரல் கொடுத்தார். "இங்க வந்து பாரு. அத்தான் நம்ம அம்மாவை ஒயர்ல எழுதி வச்சிருக்கார்."

இரண்டு மாதமாகக் கொட்டகைப் பக்கம் வராத அம்மா, கரண்டியைக் கையில் பிடித்தபடியே வந்தாள். வாசலில் ஒரு கணம் தயங்கினாள். பிறகு நேராகக் காரின் கதவுக்குப் போய்க் குனிந்தாள்.

"எங்க?"

"இதோ, சிவப்பு. மாமியாராம்."

"சாவி போடாட்டியும் இதுல கரண்ட் இருக்குமா?" என்று மகளைக் கேட்டாள்.

"எப்பவும் இருக்கும். இரும்புல பட்டா சுள்ளுன்னு பொறி பறக்கும்."

அம்மா கொஞ்ச நேரம் யோசித்தாள். "சரியாத்தான் எழுதியிருக்கார்."

"அக்கா, நம்ம அம்மாக்கா."

"அதான்டா சொல்றேன். அடுத்தது என்ன, மாப்பிள்ளையா? இது சாவி போட்டு மரியாதையா கூப்பிட்டாத்தான் வரும்."

மகள் நிமிர்ந்தாள். "உனக்கு எப்படித் தெரியும்?"

"உன் வீட்டுக்காரர் என்னைக்காவது கூப்பிடாம வந்திருக்காரா? இது யாரு, எதிர்வீட்டுக்காரரா? யாராவது வண்டியை நிறுத்தினா இது சிவக்கும்."

மகள் குனிந்து அந்த ஒயரைத் தடவிக்கொண்டே போனாள். பிரேக் விளக்குக்குத்தான் போயிற்று. எதிர்வீட்டுக்காரரின் வாசலில் யார் வண்டியை நிறுத்தினாலும் அவர் முகம் என்ன ஆகும் என்பது தெருவுக்கே தெரியும்.

மாமா மெல்லக் கேட்டார். "மச்சான்னு ஒண்ணு இருக்கே, அது என்ன?"

அம்மா அந்த டேப்பைப் பார்த்தாள். தம்பியைப் பார்த்தாள். உதட்டைக் கடித்துக்கொண்டாள்.

"அது எனக்குத் தெரியலடா."

"மத்ததெல்லாம் தெரியுது, இது மட்டும் தெரியலையா?"

"எல்லாமே தெரிஞ்சிருமா என்ன?" மகளிடம் திரும்பினாள். "என்னை எழுதலையா?"

கேட்ட குரல் சாதாரணமாகத்தான் இருந்தது. கரண்டி மட்டும் கையில் ஒரு சுற்றுச் சுற்றியது.

மகள் டிக்கிக்குப் போய், பிளாஸ்டிக் உறையைப் பிரித்து, கருப்பு ஒயரை எடுத்துக் காட்டினாள். அம்மா மூக்குக் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு படித்தாள். வாசிக்க ஒரே வார்த்தைதான். நேரம் எடுத்தது.

"இதை ஏன் கட்டி வச்சிருக்க?"

"டிக்கி விளக்குக்குன்னு நினைச்சேன்."

"விளக்கா? முப்பத்தாறு வருஷத்துல அந்த மனுஷன் என்னை ஒரு நாளாவது விளக்குன்னு சொல்லியிருக்காரா?" அம்மா டேப்பிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "வெளிய எவன்கிட்ட வம்பு பண்ணினாலும், எங்க சுத்தினாலும், எல்லாம் கடைசியில எங்க வந்து முடியும்? எங்கிட்டதான். செருப்பைத் தேடி உன் மாமா எங்கிட்டதான் வந்தான். துணியைத் தூக்கிட்டு எதிர்வீட்டுக்காரர் எங்கிட்டதான் வந்தார். அவரும் கடைசியில எங்கிட்டதான் வந்து நிப்பார். அந்த மாதிரி ஏதாவது ஒண்ணு இருக்கா உங்க கரண்ட்ல?"

மகள் ரப்பர் வாஷர்களைப் பார்த்தாள். நான்கு. பம்புக்கும் கார் உடம்புக்கும் நடுவே நான்கு ரப்பர். கரண்ட் பம்புக்குள் போகும், போன கரண்ட் கார் உடம்பு வழியாகப் பேட்டரிக்குத் திரும்ப வழி கிடையாது. அவள் மீட்டரின் கருப்பு முனையைக் கார் உடம்பில் கவ்வ வைத்து அளந்தாள். அதனால் மீட்டருக்கு வழி இருந்தது. பம்புக்கு இல்லை. பதினோரு வருடமாகத் தொழிற்சாலையில் புதிதாகச் சேர்பவர்களுக்கு அவள் நடத்தும் முதல் பாடம் ஒன்று உண்டு. எதுவும் ஓடாவிட்டால் முதலில் எர்த்தைப் பார்.

"இருக்கு," என்றாள். "எர்த்."

"அதுதான் நான்."

ஒயரின் மறுமுனையைப் பின்சீட்டுக்கு அடியில் அப்பாவே கார் உடம்போடு பூட்டி வைத்திருந்தார். வளையத்தைப் பிராக்கெட் போல்ட்டில் நுழைத்து மகள் நட்டைக் கையால் ஏற்றினாள். குழாய் இணைப்பிலிருந்து ஒரு சொட்டுப் பெட்ரோல் டேப்பின் மேல் விழுந்தது. அவள் பதறிப்போய்த் துணியைத் தேடினாள். நட்டை முறுக்க ஸ்பேனரை வாங்கிய அம்மா, அவளை நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

"படட்டும். பெட்ரோல் நாத்தம் எனக்குப் புதுசா? சால்வை இன்னும் நாறுது."

"அம்மா, ரொம்ப முறுக்காத."

"முப்பத்தாறு வருஷம் முறுக்கியிருக்கேன். எனக்குத் தெரியும்."

சாவியைத் திருப்பியதும் டிக்கிக்குள்ளிருந்து டகடகடகவென்று ஒரு சத்தம் கிளம்பியது. காலியான குழாயில் வேகமாக அடித்தது. பெட்ரோல் ஏற ஏற நிதானமாகி, டக், டக் என்று இறங்கி, பிறகு எப்போதாவது ஒரு டக். அம்மா தலையைச் சாய்த்துக் கேட்டாள்.

"பசி அடங்கிடுச்சு போல."

மணி பன்னிரண்டேகால். அளவு நாடாவைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு மாமா பின்சீட்டில் ஏறினார். சாட்சிக்கு ஆள் வேண்டாமா என்றார். இரண்டு கதவுக் காரின் பின்சீட்டில் அவருடைய முழங்கால் தாடையை இடித்தது. மகள் ஸ்டியரிங் முன் உட்கார்ந்தாள். அம்மா அடுப்பை அணைத்துவிட்டு வந்து முன்கதவைத் திறந்தாள்.

"நீ ஏற மாட்டேன்னுதானே சொன்ன?" என்றாள் மகள்.

"நான் இல்லாம எப்படி ஓடும்? எர்த் நான்தானே."

மேட்டுப் பாதை முழுக்க ஏற்றம். தவளை இரண்டாவது கியரில் முனகிக்கொண்டே ஏறியது. உச்சியில் தொட்டியின் நிழல்கூட விழாத இடமாகப் பார்த்து நிறுத்தச் சொன்னாள் அம்மா. நிறுத்தினார்கள். மகள் சாவியை அணைத்தாள். மாமா ஃபோனில் நேரம் வைத்தார்.

பானெட்டின் மேல் காற்று அலையலையாக நெளிந்தது. தகரம் சடசடத்தது. எஞ்சினிலிருந்து எண்ணெய் வாசனை வந்தது. கீழே ஆற்றங்கரையில் பம்ப் நிலையத்தின் ஓட்டுக்கூரை சின்னதாகத் தெரிந்தது. ஐந்தாம் நிமிடம் அம்மா கேட்டாள்.

"இன்னிக்கு மூணாம் நம்பர் ஓடுதா?"

"ஓடும்மா. அதோ தொட்டியில விழுற சத்தம்."

"அந்த ஆபீசர் இன்னும் கும்பிடுறாரா?"

மகள் திரும்பிப் பார்த்தாள். "உனக்கும் தெரியுமா?"

"கால்ல வால்வைத் திறக்குற வித்தையை எங்க பழகினார்னு நினைச்ச? ஒரு மாசம் என் சமையல்கட்டு சிலிண்டரோட பழகினார்."

"ஒன்பதே முக்கால் ஆச்சு," என்றார் மாமா. "இன்னும் கால் நிமிஷம். நியாயம்னா நியாயம்."

அந்தக் கால் நிமிடத்தில் பின்சீட்டிலிருந்து ஏதோ முணுமுணுப்புக் கேட்டது. அம்மா திரும்பினாள்.

"என்னடா சொன்ன?"

"ஒண்ணும் இல்லக்கா."

"கையை ஏன்டா கூப்பியிருக்க?"

"இடம் இல்லக்கா, எங்க வைக்கிறது?" என்றார் மாமா. "ஆச்சு. பத்து."

மகள் சாவியைப் பாதி திருப்பினாள். டகடகடக. அம்மா அவள் கை மேல் கை வைத்தாள். "இரு. பசி அடங்கட்டும்." டக். டக். டக். "இப்பத் திருப்பு."

ஒரே திருப்பு. தவளை கத்தியது.

யாரும் கை தட்டவில்லை. அம்மா முன்கண்ணாடி வழியாக நேரே பார்த்துக்கொண்டிருந்தாள். சிறிது நேரம் கழித்து, "அணைச்சிட்டு இன்னொரு தடவை போடு" என்றாள். போட்டாள். "இன்னொரு தடவை." மறுபடி போட்டாள். நான்காவது முறை கேட்கவில்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டாள்.

"ஒன்பது வருஷம், பதினோரு கிளிப், ஒரு சால்வை," என்றாள். "நீ தோத்துட்டேன்னு பக்கத்துல இருந்து சொல்லிக்காட்டக்கூட அந்த மனுஷனுக்குக் குடுத்து வைக்கல."

மாமா ஃபோனை எடுத்தார். "ஆமாப்பா, நான்தான். இல்ல, வண்டி அனுப்ப வேண்டாம். கார் ஓடுது. ஆமா, தானாவே ஓடுது. பூந்தொட்டியைத் தரையில வையேன், செடி வளராதா?" என்று சொல்லி வைத்துவிட்டார்.

இறக்கத்தில் காற்று உள்ளே வந்தது. மாமா முழங்கால்களுக்கு நடுவே தலையை நீட்டினார்.

"அந்த மச்சான் ஒயர் மட்டும் எங்க போகுதுன்னு கண்டுபிடிக்கணும். என் மேல அத்தானுக்கு ஒரு பிரியம் உண்டு. ஏதாவது முக்கியமான இடத்துக்குத்தான் போகும்."

அம்மா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

அடுத்த வளைவில் எதிரே ஒரு தண்ணீர் லாரி பாதி சாலையை அடைத்துக்கொண்டு ஏறி வந்தது. வேறு வழியில்லை. மகள் ஸ்டியரிங்கின் நடுவில் உள்ளங்கையை வைத்து அழுத்தினாள். தவளையின் ஹாரன் மேடு முழுக்க அலறியது. லாரி ஒதுங்கியது. ஹாரன் நின்ற பிறகும் கொஞ்ச நேரம் எதிரொலித்தது.

மாமா மெதுவாகப் பின்னால் சாய்ந்தார்.

"இதுதானா?" என்றார்.

"வேலை எதுவும் செய்யாது," என்றாள் அம்மா, ஜன்னலைப் பார்த்தபடியே. "ஆனா அது இல்லாம வண்டியை வெளிய எடுக்க முடியாது."